காது கூசாத ஹெட்போன் எது? கூர்மையான ஒலி தாங்காதவர்களுக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

"பாட்டு தெளிவாகத்தான் கேட்கிறது, ஆனால் அரை மணி நேரத்தில் காது கூசத் தொடங்கிவிடுகிறது. இந்த இரண்டில் எதை வாங்கலாம்?" என்று இரண்டு மாடல்களின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள், தாங்கள் எங்கே உட்கார்ந்து கேட்கிறார்கள், எவ்வளவு சத்தமாக வைக்கிறார்கள், கூசுவது பாடகரின் குரலா ஜால்ராவா என்ற மூன்றையும் பெரும்பாலும் சொல்வதில்லை. அவை தெரியாமல் சொல்லப்படும் எந்தப் பதிலும் குருட்டாம்போக்கில் சொல்லப்படுவதுதான்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருநெல்வேலி ஜங்ஷனிலும் டவுன் ரத வீதிகளிலும் பாளையங்கோட்டையிலும் ஹெட்போன் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பெட்டியைப் பிரித்துக் காதில் வைத்து ஒரு பாட்டை முழுவதுமாகக் கேட்டுப் பார்க்க விடும் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. சேலை எடுக்கப் போனால் ஐம்பது சேலையைப் பிரித்துப் போட்டுக் காட்டுகிற ஊரில், ஹெட்போன் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்த கணத்திலேயே அது நம் பொருளாகிவிடுகிறது. நானும், "நுணுக்கங்களையெல்லாம் காட்டும்" என்ற புகழுரையை நம்பி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்டூடியோ ஹெட்போனை இணையத்தில் வாங்கினேன். முதல் நாள் மாலை, ஊர்க் கோயில் கொடை விழாவில் போனில் பதிவு செய்து வைத்திருந்த வில்லுப்பாட்டைப் போட்டேன். முதன்மைப் பாடகரான அண்ணாவியின் குரலும் குடத்தின் 'கும்' என்ற அடியும் எங்கோ பின்னால் போய்விட, ஜால்ராவும் வில்லில் கட்டிய மணிகளும் மட்டும் காதுக்குள் சில்லறைக் காசைக் கொட்டியதுபோல ஒலித்தன. பதினைந்தாவது நிமிடத்தில் கழற்றி வைத்தேன். மூன்றாவது வாரத்தில் பாதி விலைக்கு விற்றேன். நுணுக்கங்களை அது காட்டியது உண்மைதான். அவை என் காதுக்கு வேண்டாத நுணுக்கங்களாக இருந்தன.

## முதலில் அளவுகோல்கள்

எந்த இடத்தில் கூசுகிறது? 'ட்ரெபிள் (மேல்பகுதி அதிர்வெண்களின் ஒலி) அதிகம்' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு தொல்லைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கு மருந்தாகும் ஹெட்போன் மற்றொன்றைக் கூட்டிவிடக்கூடும் என்பதால், இதைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது.

| அதிர்வெண் | அங்கே கேட்பது | கூசினால் தோன்றுவது |
|---|---|---|
| 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் | நாதஸ்வரத்தின் வீறு, உச்சத்தில் பாடும் பெண் குரலின் அழுத்தம், குழாய் ஸ்பீக்கர் அறிவிப்பு | முகத்துக்கு நேரே நின்று கத்துவதுபோல |
| 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் | ஸ, ஷ ஆகியவற்றின் சீறல், ஜால்ராவின் முதல் தட்டு, தவில் வலந்தலையில் விழும் விரற்கூட்டின் 'டக்' | ஊசி குத்துவதுபோல |
| 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் | மணி ஓசை அடங்கும்போது எஞ்சும் இழை, பழைய பதிவுகளின் 'உஸ்' | குத்தாது. நேரம் செல்லச் செல்ல அலுப்புத் தட்டும் |

முதல் வகைக்குக் காரணம் பாதி நம் காதிலேயே இருக்கிறது. ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக் குழாய், ஒரு முனை செவிப்பறையால் அடைபட்ட குழல்போலச் செயல்பட்டு, 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானே பெருக்கிக் கொடுக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுதான். ஹெட்போன் அணியும்போது இந்த இயல்பான பெருக்கம் மாறிப்போவதால், தயாரிப்பாளர்கள் அதே இடத்தில் வேண்டுமென்றே ஒலியைக் கூட்டி வைக்கிறார்கள். எவ்வளவு கூட்டுவது என்பதற்கு, ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் பலரைக் கேட்க வைத்து ஆராய்ந்து, 2013 முதல் வெளியிட்ட வளைகோடு இன்று பலருக்கும் வழிகாட்டியாக இருக்கிறது. ஆனால் அது பெரும்பான்மையினரின் விருப்பத்தைச் சொல்லும் கோடு. கூசும் காது உள்ளவர் அந்தப் பெரும்பான்மையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "ஹார்மன் வளைகோட்டுக்கு மிக நெருக்கம்" என்று ஒரு விமர்சகர் பாராட்டும் கருவி, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது உங்களை வால்யூமைத் தேட வைக்கலாம்.

கேட்கும் இடத்தில் எவ்வளவு இரைச்சல்? என் அனுபவத்தில் இதுதான் முதன்மையான அளவுகோல்; பலரும் கணக்கில் எடுக்காமல் விடுவதும் இதுதான். பாபநாசம் போகும் பஸ்ஸில் எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினின் உறுமல் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால், பாட்டில் உள்ள பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, அது தின்றுவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கம், கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுகிறீர்கள். தொப்பி கொஞ்சம் மேலே வருகிறது, ஆனால் எஞ்சினால் மறைக்கப்படாத மேல்பகுதி ஒலிகளும் அதே அளவு ஏறிவிடுகின்றன. எஞ்சுவது கூர்மை மட்டுமே. வீட்டில் ஐந்தாம் எண்ணில் சுற்றும் மின்விசிறி இதையே சிறிய அளவில் செய்கிறது. ஆகவே, "இந்த ஹெட்போனில் ட்ரெபிள் அதிகம்" என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான குறை ஹெட்போனில் இல்லை. சுற்றுப்புற இரைச்சலை வெல்ல அவர்கள் ஏற்றி வைக்கும் வால்யூமில் இருக்கிறது.

கூச்சத்தோடு நிற்காமல் காதையே கெடுப்பதும் இந்த வால்யூம்தான். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதையே உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறது; ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 89 டெசிபலில் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான்.

வெயிலும் வியர்வையும். அக்னி நட்சத்திரத்தில் காதை முழுவதும் மூடும் செயற்கைத் தோல் மெத்தையை நாற்பது நிமிடம் அணிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. இது வெறும் வசதிக் குறைவும் அல்ல: வியர்வையில் ஊறிய மெத்தை உரிந்து தட்டையானால், காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள இடைவெளியும் மெத்தையின் அடைப்பும் மாறி, ஒலியின் தன்மையே மாறிவிடும்.

திருத்த முடியுமா, திருப்பித் தர முடியுமா? ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க உதவும் ஈக்வலைசரால் சரிசெய்ய இடம் தரும் கருவி, சரிசெய்ய முடியாத கருவியைவிடச் சற்றுக் கூர்மையாக இருந்தாலும் மேல். திருப்பித் தருவதைப் பொறுத்தவரை, காதுக்குள் செருகும் பொருள் என்பதால் பல விற்பனையாளர்கள் பழுதுக்கு மாற்றித் தருவார்களே தவிர, "எனக்கு ஒத்துவரவில்லை" என்பதற்குப் பணம் தருவதில்லை. விதியைப் பணம் கட்டும் முன்பே படித்துவிட வேண்டும்.

கடைசியாக, காது. வயதானவர்களுக்காக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் தாத்தா, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுலே" என்பார், சற்றுக் குரலை உயர்த்தினால், "எதுக்குலே இப்படிக் கத்துத?" என்பார். நாங்கள் அதை முன்கோபம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். உட்செவி பாதிக்கப்பட்டவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் கேட்கத் தொடங்கிய பிறகு, சிறிது கூட்டினாலும் பேரொலியாகத் தெரியும். இப்படிப்பட்டவருக்கும், குக்கர் விசிலும் எவர்சில்வர் தட்டு உரசுவதும்கூடப் புதிதாகத் தாங்க முடியாமல் போனவருக்கும் ஹெட்போன் தேடல் இரண்டாவது வேலை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிலோ வேறு மருத்துவரிடமோ முதலில் காட்ட வேண்டும். வழக்கமான செவித்திறன் சோதனை 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எந்த இடத்தில் இழப்பு என்று காட்டிவிடும்.

## வழி 1: இருப்பதையே ஈக்வலைசரால் பழக்குவது

பணம் செலவில்லாத வழி என்பதால் இதை முதலில் முயலச் சொல்கிறேன். அதைவிட முக்கியமான காரணம், வேறு எதை வாங்கினாலும் பயன்படப்போகும் ஒரு செய்தியை, அதாவது உங்கள் காது கூசும் இடம் எது என்பதை, இந்த முயற்சி சொல்லிக்கொடுத்துவிடும்.

போனில் தொனி எழுப்பும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, வால்யூமை மிகவும் குறைத்து வைத்துக்கொண்டு, 2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சீராக வரும் தொனி எங்காவது ஓரிடத்தில் திடீரென்று எழுந்து நிற்கும். என்னுடைய பழைய ஹெட்போனில் அது ஏழரையை ஒட்டி வந்தது; அந்த இடம் வந்ததும் என் தோள் தானாகவே உயர்ந்ததை நானே கவனித்தேன். அந்த இடத்தில் மட்டும் 3 அல்லது 4 டெசிபல் குறைத்து இரண்டு நாள் கேட்க வேண்டும். மேலே உள்ள எல்லாப் பட்டைகளையும் ஒரேயடியாக இறக்கிவிட்டால் கூச்சம் போகும். கூடவே பாட்டின் உயிரும் போகும். கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கிறது என்று பலர் ஈக்வலைசரைக் கைவிடுவது இதனால்தான்.

ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலியும், விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளும் இதற்குப் போதும். வேவ்லெட்டில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்கான திருத்தங்கள் முன்கூட்டியே இருக்கின்றன. ஆனால் அவை கருவியை ஒரு பொதுவான வளைகோட்டுக்குக் கொண்டுவருபவை என்பதால், உங்கள் காதுக்கான இறுதிக் குறைப்பை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். ஐபோனின் மியூசிக் செயலியில் 'ட்ரெபிள் ரெடியூசர்' என்ற தயார் அமைப்பு இருக்கிறது; அது அந்தச் செயலிக்கு மட்டுமே செல்லும், யூடியூபுக்குச் செல்லாது.

மறைந்திருக்கும் செலவு நேரமும் பொறுமையும்தான். டிவியில் செருகினால் உங்கள் திருத்தம் உடன் வராது. அலுவலகக் கணினியில் மென்பொருள் போட அனுமதி இருக்காது. ஸ்பீக்கரே மலிவாக இருந்து ஒலி உடைந்து கரகரப்பதை எந்த ஈக்வலைசரும் சரிசெய்யாது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய கைவைத்தியம் ஒன்று உண்டு. யமஹா நிறுவனம் 1978-இல் வெளியிட்ட என்எஸ்-10 ஸ்பீக்கரின் மேல்பகுதி ஒலி காட்டமாக இருக்கிறது என்று, ஒலிப்பதிவுக் கூடங்களில் மேல்பகுதி ஒலியை எழுப்பும் அதன் ட்வீட்டருக்கு முன்னால் டிஷ்யூ தாளைத் தொங்கவிட்ட பழக்கம் பிரபலமானது. அதே தந்திரம் ஹெட்போனிலும் எடுபடும்: மெத்தையைக் கழற்றி, ஸ்பீக்கருக்கு முன்னால் ஒற்றை அடுக்கு டிஷ்யூ தாளை வட்டமாக வெட்டி வைத்தால் சீறல் ஓரளவு தணியும். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், செலவு ஒரு தாள்.

வீட்டில் ஒரே இடத்தில், ஒரே போனிலோ கணினியிலோ கேட்பவருக்கு, அதிலும் கூச்சம் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரே இடத்தில் இருப்பவருக்கு, இந்த வழியே பெரும்பாலும் போதும். பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடலாம் என்பது என் கணிப்பு.

## வழி 2: மென்மையாக டியூன் செய்த, காதை அடைக்கும் இயர்போன்

காதுக் குழாயை இறுக்கமாக அடைக்கும் இயர்போன் வெளிச்சத்தத்தை இயல்பாகவே குறைக்கிறது. வெளிச்சத்தம் குறைந்தால் வால்யூம் குறைகிறது. வால்யூம் குறைந்தால் பாதிக் கூச்சம் போய்விடுகிறது. ரூ.1,500 முதல் ரூ.3,000 வரையிலான விலையில் இதைச் செய்யக்கூடிய வயர் இயர்போன்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. தாங்ஸு வான்'அர் மேல்பகுதியை அடக்கி வாசிக்கும் வகை. அதைவிட விலை கூடிய, 2023-இல் வந்த ட்ரூத்இயர் ஜீரோ ரெட் மற்றொன்று. அதனுடன் வரும் 10 ஓம் இணைப்பைப் போட்டால் பேஸ் கூடி, ஒட்டுமொத்த ஒலி இன்னும் வெதுவெதுப்பாகிறது. ஆனால் ஜீரோ ரெட்டின் குழல்முனை தடிமனானது. காதுத் துளை சிறியதாக உள்ளவர்களுக்கு வலிக்கும். பெட்டியின் மேல் 'பத்து டிரைவர்', 'பன்னிரண்டு டிரைவர்' என்று உள்ளிருக்கும் சிறு ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையைக் காட்டும் மலிவு விலை மாடல்களைக் கூசும் காது உள்ளவர்கள் தள்ளி வைப்பது நல்லது. அவற்றில் பலவும் முதல் நிமிடத்திலேயே பளிச்சென்று கேட்க வேண்டும் என்பதற்காகவே மேல்பகுதியைத் தூக்கி வைத்தவை.

இயர்போனில் டிப் என்னும் சிறு ரப்பர் செய்யும் வேலை அதிகம். ஃபோம் டிப், சிலிகான் டிப்பைவிட மேல்பகுதி ஒலியைச் சற்று உறிஞ்சிக்கொள்கிறது. செருகும் ஆழமும் அப்படியே: மேலோட்டமாகச் செருகினால் காதுக் குழாயில் உண்டாகும் ஒலியின் எழுச்சி, சீறல் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும், ஒரு சுற்று பெரிய அல்லது சிறிய டிப் போட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செருகினால் அது மேலே நகர்ந்து, பலருக்குத் தொல்லை குறைகிறது. ஒரே இயர்போனை ஒருவர் காரம் என்றும் மற்றவர் மந்தம் என்றும் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். புது இயர்போன் தேடும் முன், பெட்டியில் வந்த மூன்று அளவு டிப்களையும் ஒவ்வொரு நாள் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கும் இடது காதுக்கும் அளவு வேறுபடுவதும் உண்டு.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, ஃபோம் டிப்பின் ஆயுள். நம் ஊர் வியர்வையில் சில மாதங்களில் அது உப்பும் திறனை இழந்துவிடும். இரண்டாவது, இப்போதைய போன்கள் பலவற்றில் இயர்போன் துளை இல்லாததால் தனியாக வாங்க வேண்டிய டாங்கிள் என்னும் சிறு இணைப்பு. மூன்றாவதைச் செலவு என்பதைவிட ஆபத்து என்றே சொல்ல வேண்டும்: குற்றாலத்திலோ ஆற்றிலோ குளித்துவிட்டு, காது காய்வதற்கு முன்பே இயர்போனைச் செருகிப் பஸ் ஏறுவது காதில் பூஞ்சைத் தொற்றை வரவேற்பதற்குச் சமம். வயர் சட்டையில் உரசும் சத்தமும், நடக்கும்போது காலடி காதுக்குள் 'தொம் தொம்' என்று கேட்பதும் சிலருக்குப் பிடிக்காது.

தினமும் பஸ்ஸில் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவருக்கும், விடுதியில் ஐந்து பேர் அறையில் இருப்பவருக்கும், கையில் இரண்டாயிரத்துக்கு மேல் இல்லாதவருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. காதில் சீழ், அரிப்பு, அடைப்பு என்று ஏற்கெனவே அவதிப்படுபவர் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

## வழி 3: பின்புறம் திறந்த ஹெட்போன்

இணையத்தில் கூச்சத்துக்கு மருந்தாக அதிகம் சொல்லப்படும் பெயர் சென்ஹைசர் ஹெச்டி 650. 1997-இல் வந்த ஹெச்டி 600-இன் தம்பியாக 2003-இல் வெளிவந்து, மேல்பகுதி ஒலியில் திரை போட்டதுபோல இருக்கிறது என்று சிலர் குறை சொன்ன கருவி. அந்தக் 'குறை'தான் நம்மைப் போன்றவர்களுக்கு வரம். அதில் வீணையின் மீட்டு, நகத்தின் கூர்மையைக் காட்டாமல் தந்தியின் உடலைக் காட்டுகிறது. வெல்வெட் துணி மெத்தையும் காற்றோட்டமும் இருப்பதால் சித்திரையிலும் அணிய முடிகிறது. மெத்தை, வயர், தலைப்பட்டை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கி மாற்றலாம் என்பதால் பல ஆண்டு ஓடும்.

இருந்தாலும் முதல் அளவுகோலை இங்கே மறந்துவிடக் கூடாது. 600-உம் 650-உம் சீறலை அடக்குபவையே தவிர, 3 கிலோஹெர்ட்ஸை அடக்குபவை அல்ல. அங்கே அவை தாராளமாகவே கொடுக்கின்றன. காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய நாதஸ்வரப் பதிவுகளை ஹெச்டி 600-இல் கேட்டால், வாத்தியம் இரண்டு அடி முன்னால் வந்து நிற்கிறது. நாதஸ்வரமே கூசுபவருக்கு, இந்த விலையைக் கொடுத்தும் ஈக்வலைசர் தேவைப்படும்.

'திறந்த ஹெட்போன் என்றால் மென்மையானது' என்ற பொதுக் கருத்தும் தவறு. பேயர்டைனமிக் டிடி 990 புரோவும் திறந்ததுதான். 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அதில் உள்ள எழுச்சி பெயர் பெற்றது. சென்ஹைசரே 2009-இல் வெளியிட்ட ஹெச்டி 800-இல் 6 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே ஒரு கூர்மை இருந்து, பின்னால் வந்த ஹெச்டி 800 எஸ்-இல் அதை உறிஞ்சும் அமைப்பைச் சேர்த்தார்கள். கிராடோவின் பல மாடல்களும் பளபளப்பை விரும்புகிறவர்களுக்கானவை. விலை ஏறினால் கூச்சம் குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு எந்த ஆதாரமும் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். ஹெச்டி 650 போன்றவை 300 ஓம் தடை உள்ளவை. சாதாரண போனின் துளையில் அவற்றுக்கு வேண்டிய மின்னழுத்தம் கிடைக்காது. நல்ல டாங்கிள் ஒன்று மிதமான வால்யூமுக்குப் போதும். ஆனால் பலரும் பரிந்துரைக்கும் ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் ஆண்ட்ராய்டு போன்களில் குறைந்த வால்யூமே தரும் என்பதை வாங்கிய பிறகு தெரிந்துகொண்டவர்கள் பலர். அடுத்த செலவு அமைதி. வெளிச்சத்தம் எதையும் இது தடுக்காது: மின்விசிறி, தெருவில் போகும் மீன்காரரின் ஒலிபெருக்கி, பக்கத்து அறை சீரியல் எல்லாம் பாட்டோடு சேர்ந்தே வரும், உங்கள் பாட்டும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். புதிதில் தலையைக் கொஞ்சம் இறுக்கவும் செய்யும்.

இதே குணத்தின் ஏழை உறவு ஒன்றும் உண்டு. 1984 முதல் விற்பனையில் இருக்கும் காஸ் போர்ட்டா புரோ, பஞ்சு மெத்தையோடு காதின் மேல் உட்காரும் சிறிய ஹெட்போன். பேஸ் தடித்து, மேல்பகுதி பணிந்து இருக்கும் அதன் ஒலிக்குப் போனே போதும். தோற்றம் விளையாட்டுச் சாமான்போல இருக்கும். தலைமுடி சில சமயம் கம்பியில் மாட்டும்.

பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ உள்ளடங்கிய தெருவில், தனி அறையில், இரவு ஒன்பது மணிக்கு மேல் கேட்பவருக்கு இந்த மூன்றாம் வழிக்கு நிகரான இன்பம் இல்லை. பஸ்ஸுக்கும் அலுவலகத்துக்கும் இது பைசா பிரயோஜனமில்லை. காதில் ஏற்கெனவே 'ஙொய்' என்ற ரீங்காரம் இருப்பவர்களில் சிலருக்கு முழு அமைதி அந்த ரீங்காரத்தையே பெரிதாக்கிக் காட்டும் என்பதால், சுற்றுச்சத்தம் உள்ளே வரும் இந்த வகை அவர்களுக்கும் ஒத்துப்போகலாம்.

## வழி 4: இரைச்சல் நீக்கும் புளூடூத் ஹெட்போன்

இரைச்சல் நீக்கம் என்பது வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேர்எதிரான அலையை உண்டாக்கி அழிப்பது. இது நன்றாக வேலை செய்வது சுமார் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, அதுவும் விட்டுவிடாமல் தொடர்ந்து வரும் சத்தங்களில். அதாவது, பாட்டின் பேஸைத் தின்னும் அதே எஞ்சின் உறுமலை இது தின்றுவிடுகிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஜன்னல் திறந்த ஸ்லீப்பர் பெட்டியில் இதைப் போட்டுக்கொண்டு சுவிட்சை அழுத்தினால், தண்டவாளத்தின் தடதடப்பு நான்கு பெட்டி தள்ளிப் போய்விடுகிறது. டீ விற்பவரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அப்போது வால்யூமை நான்கைந்து புள்ளி இறக்கியும் தொப்பியின் அடி குறையாமல் கேட்டது. கூச்சம் குறைந்ததற்கு ஹெட்போனின் டியூனிங் பாதிக் காரணம் என்றால், இந்த வால்யூம் இறக்கம் மீதிப் பாதி.

2020-இல் வந்த சோனி டபிள்யூஹெச்-1000எக்ஸ்எம்4 போன்றவை பெட்டியிலிருந்து எடுத்தபடியே பேஸ் தூக்கலாக இருப்பவை. சோனியின் செயலியில் ஈக்வலைசரும் உண்டு. விலை குறைந்த பல நிறுவனங்களிலும் செயலி வழி ஈக்வலைசர் வந்துவிட்டது. புளூடூத் வகையில் வாங்குவதானால் அது இல்லாத மாடலை நான் பரிசீலிக்கவே மாட்டேன்.

செலவுக் கணக்கு இங்கே வேறு விதம். பேட்டரி வயதானால் கருவிக்கும் வயதாகிவிடும். செயற்கைத் தோல் மெத்தை நம் வெயிலில் உரிந்து, கறுப்புத் துகள்களாகக் கன்னத்தில் ஒட்டும். மாற்று மெத்தை கிடைக்கும், ஆனால் மலிவான மாற்று மெத்தை ஒலியையும் இரைச்சல் நீக்கத்தையும் கெடுத்துவிடும். பேட்டரி தீர்ந்து வயரில் போட்டுக் கேட்டால், உள்ளே இருந்த மின்னணுத் திருத்தம் இல்லாமல் ஒலி வேறு மாதிரி இருக்கும். சிலருக்கு இரைச்சல் நீக்கத்தைப் போட்டதும் மலை ஏறும்போது வருவதுபோன்ற காதடைப்பு உணர்வு வரும். அவர்கள் இதில் பணத்தைப் போடாமல் இரண்டாம் வழிக்குப் போவதே மேல். பஸ்ஸின் ஏர் ஹாரனை இது நீக்காது என்பதையும், ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல் நடக்கும்போது இதை அணிவது அறிவீனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாரந்தோறும் சென்னைக்கும் இங்குமாக அலைபவருக்கும், ஜெனரேட்டரும் ஏசியும் இரையும் அலுவலகத்தில் எட்டு மணி நேரம் இருப்பவருக்கும் இந்த வழி கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும். வீட்டில் மட்டும் கேட்பவர், இல்லாத இரைச்சலை நீக்க இருபதாயிரம் ரூபாயைக் கொடுக்க வேண்டாம்.

## காசைத் தின்னும் சில நம்பிக்கைகள்

வெள்ளி வயர், செம்பு வயர் என்று மாற்றிக் கூச்சத்தைக் குறைக்க முயல்வதைவிட, அதே பணத்தில் பத்து ஜோடி ஃபோம் டிப் வாங்கலாம். 'நூறு மணி நேரம் ஓடவிட்டால் ட்ரெபிள் அடங்கிவிடும்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, நூறு மணி நேரத்தில் நம் காது பழகிப்போவதுதான். அதற்குள் திருப்பித் தரும் கெடு முடிந்துவிடும். எல்டிஏசி போன்ற உயர்ரக புளூடூத் முறைகள் நல்லவைதான், ஆனால் டியூனிங்கிலேயே உள்ள எழுச்சியை அவை தொடுவதில்லை.

## வாங்கிய முதல் வாரம்

புதுப் பொருளைக் கையில் எடுத்ததும் பிடித்த பாட்டைப் போடுவது இயல்பு. ஆனால் நன்றாகப் பதிவான பாட்டு எந்த ஹெட்போனிலும் நன்றாகத்தான் கேட்கும். நான் மூன்று பதிவுகளை வைத்திருக்கிறேன். முதலாவது, மைக்குக்கு மிக அருகில் பாடப்பட்ட கற்பனை ஸ்வரம். ஒவ்வொரு 'ஸ'வும் சீறுகிறதா, சீண்டாமல் கடந்து போகிறதா என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். இரண்டாவது, திறந்த வெளியில் பதிவான நாதஸ்வரம். இது 3 கிலோஹெர்ட்ஸுக்கு. மூன்றாவது, முன்பு சொன்ன அதே வில்லுப்பாட்டு. கீழே குடம், நடுவே உடுக்கையும் குரலும், மேலே ஜால்ராவும் மணியும் என்று ஒலியின் எல்லா அடுக்கும் ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கும் அதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்கவில்லை.

வால்யூமை வழக்கமான அளவில் வைத்து, கையை அதன் பக்கம் கொண்டுபோகாமல், மூன்றையும் சேர்த்து நாற்பது நிமிடம் கேட்க வேண்டும். அதுவும் காலையில் ஒரு நாள், வேலை முடிந்து களைத்து வந்த மாலையில் ஒரு நாள் என்று இரண்டு முறை. களைத்த காது கூசும் அளவும் காலைக் காது கூசும் அளவும் ஒன்றல்ல. இரண்டாவது நாளும் நாற்பது நிமிடம் முடியும் முன்பே கை கழற்றப் போனால், ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், பெட்டியையும் அதில் இருந்த சிலிக்கா பொட்டலத்தையும் தேடி எடுத்து வைத்துவிடுங்கள்.